சிரிப்பு வாயுவும் வரதட்சணைச் சதுக்கமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்ட விஷயம் மக்களே. தீஸிஸ் வேலை கழுத்து வரைக்கும் இருக்கு, இருந்தாலும் இன்னிக்கு எழுதிடறேன்.

நான் படிக்கிற பிரிஸ்டல் ஊரில் டௌரி ஸ்கொயர்னு ஒரு இடம் இருக்கு. அப்படியே தமிழ்ப்படுத்தினால் வரதட்சணைச் சதுக்கம் :-) சுற்றிலும் பழைய காலத்து வீடுகள். 1799-ல் தாமஸ் பெடோஸ் என்ற மருத்துவர் இங்கேதான் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். விதவிதமான வாயுக்களை மூச்சில் கொடுத்து காசநோய் போன்றவற்றைக் குணப்படுத்தலாம் என்பது அவர் நம்பிக்கை. அது பலிக்கவில்லை. ஆனால் அங்கே வேலைக்குச் சேர்ந்த இருபது வயதுப் பையன் ஹம்ப்ரி டேவி வேறொன்றைப் பிடித்துவிட்டான். நைட்ரஸ் ஆக்சைடு. நம்ம ஊர்ப் பாடப்புத்தகத்தில் 'சிரிப்பூட்டும் வாயு' என்று ஒரு வரியில் வந்து போகுமே, அதேதான்.

அந்த வாயுதான் நோயைப் பரப்புகிறது என்று அமெரிக்காவில் சாமுவேல் மிட்சில் என்பவர் எழுதியிருந்தார். டேவி பயப்படாமல் தானே இழுத்துப் பார்த்தார். (இதே தைரியத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவையும் இழுத்து, சாகாமல் தப்பினார். ஆள் அப்படி!) அப்புறம் கவிஞர்கள் கோல்ரிட்ஜ், சவுதி எல்லோரும் பட்டுப்பையில் அடைத்த வாயுவை இழுத்துச் சிரித்தார்கள். வலி தெரியாமல் அறுவை செய்ய இது உதவலாம் என்று டேவி 1800-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியும் வைத்தார். யாரும் கண்டுக்கலை. ஊர் ஊராகக் காசு வாங்கிக்கொண்டு, மேடையில் நாலு பேரை இழுக்க வைத்து வேடிக்கை காட்டியதுதான் மிச்சம்.

1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அப்படி ஒரு வேடிக்கை. மேடையில் ஆடிய ஒருத்தர் காலில் அடிபட்டு ரத்தம் வழிந்தும், அவருக்குத் தெரியவே இல்லை. இதைக் கவனித்தவர் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர். மறுநாளே வாயுவை இழுத்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலி இல்லை. அடுத்த மாதம் பாஸ்டனில் செய்து காட்டப் போனார். வாயு போதாமல் நோயாளி முனக, பார்த்தவர்கள் ஏமாற்று வேலை என்று கத்தி விரட்டிவிட்டார்கள். குளோரோஃபார்மை மோந்து மோந்து அதற்கே அடிமையாகி, 1848-ல் நியூயார்க் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். வயது 33. எனக்கு இந்தக் கதையில் மனசு நின்றுபோவது இந்த மனுஷனிடம்தான்.

1860-களில் பல் மருத்துவத்துக்குள் நுழைந்த வாயு இன்றுவரை நிற்கிறது. ஆக்சிஜனோடு கலந்து, கொஞ்ச நேரம், மருத்துவர் கொடுத்தால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் 'ரொம்ப சாதுவான வாயு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் சறுக்கல் 1956-ல் டென்மார்க்கில். டெட்டனஸ் நோயாளிகளுக்கு நாள் கணக்கில் இதைக் கொடுத்தபோது எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது குறைந்துபோனது. பிறகு 1978-ல் நரம்பு பாதித்த 15 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் 14 பேர் பல் மருத்துவர்கள்! பெரும்பாலானோர் கிளினிக்கில் தாங்களே போதைக்காக இழுத்தவர்கள். கை கால் மரத்து, நடை தள்ளாடியது.

விஷயம் இதுதான். வைட்டமின் பி12-ன் நடுவில் ஒரு கோபால்ட் அணு உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு அதைப் பிடித்துக் கெடுத்துவிடும். பி12 உடம்பில் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. நரம்பைப் போர்த்தியிருக்கும் உறை பழுதாகும், தண்டுவடம் வரை போகும். இழுக்கும்போது எதுவும் தெரியாது, ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். ஏற்கெனவே பி12 குறைவாக உள்ள சிலருக்கு, ஆபரேஷனில் ஒரே ஒரு தடவை கொடுத்த பிறகும் சில வாரங்களில் இந்தப் பாதிப்பு வந்திருக்கிறது. மீன், முட்டை, கறி தொடாத நம்ம வீடுகளில் பி12 குறைவு எவ்வளவு சகஜம் என்று சொல்லவே வேண்டாம்.

இப்போ சொந்தக் கதை. என் ரூம்மேட் கும்பகோணத்துப் பையன், சுத்த சைவம். தண்ணி, சிகரெட் கிடையாது. பார்ட்டியில் பலூன் மட்டும் ஓக்கேன்னான். "டேய், இது பல் டாக்டர் குடுக்கறதுடா, ஒண்ணும் ஆகாது." கேக் க்ரீம் அடிக்க விற்கிற 8 கிராம் குப்பிகளில் ஆரம்பித்து, 600 கிராம் சிலிண்டருக்குப் போனான். நானும் ரெண்டு தடவை இழுத்தேன். மறைக்க என்ன இருக்கு. 2023 நவம்பர் 8-லிருந்து இங்கே போதைக்காக இதை வைத்திருப்பதே குற்றம். தெரிந்தும்தான் செய்தோம்.

பிப்ரவரியில் பாதம் மதமதன்னு இருக்குன்னான். குளிர்னு நினைத்தோம், ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டான். மார்ச்சில் மாடிப்படியில் விழுந்தான். ரத்தத்தில் பி12 நார்மல்னு ரிசல்ட் வந்ததும் நிம்மதியாகி, அந்த வாரக் கடைசியிலும் பலூன்! அளவு சரியாக இருந்தாலும் அது செத்த பி12-ஆக இருக்கலாம் என்பது எங்களுக்கு அப்போ தெரியாது. பலூன் விஷயத்தை அவன் டாக்டரிடம் சொல்லவும் இல்லை. கூடப் போன நானும் வாயைத் திறக்கலை. வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயம். மூணு வாரம் கழித்து வேறொரு டாக்டர் நேரடியாகக் கேட்டபோதுதான் சொன்னோம். உடனே ஹோமோசிஸ்டீன் டெஸ்ட். அது எக்கச்சக்கம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் பி12 ஊசி. இப்போ பிடிமானம் இல்லாமல் நடக்கிறான். ஆனால் செருப்பு காலில் இருக்கா, கழன்றுவிட்டதா என்பது குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. அவன் அம்மா ஸ்கைப் காலம் போய் வாட்ஸ்அப்பில் தினம் கூப்பிட்டு, "ஊசி எதுக்குப்பா?" என்று கேட்கிறார். சத்துக் குறைவுன்னு சொல்லி வைத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அவனை மெதுவாக டௌரி ஸ்கொயர் வரைக்கும் கூட்டிப் போனேன். டேவி கதை முழுக்கச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழட்டி, பெருவிரலைக் கிள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.