ஹாங்காங் விலங்கியல் தாவரவியல் பூங்கா

ஹாங்காங் தீவில், விக்டோரியா சிகரத்தின் வடசரிவில், சுமார் 5.6 ஹெக்டேர் விஸ்தீரணத்தில் அமைந்துள்ள பொதுப் பூங்கா. பிரிட்டிஷ் கவர்னரின் ஆதி வாசஸ்தலம் இருந்த இடத்தில், 1864-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு 1871-இல் பூர்த்தியான இது, தாவர சாஸ்திரத்தின் பொருட்டே ஏற்பட்டதாயினும், காலக்கிரமத்தில் பறவைகளும் மிருகங்களும் சேர்க்கப்பட்டு, 1975-இல் இப்பெயரைப் பெற்றது.

ஆல்பனி வீதி இதனை இரு பாகங்களாகப் பிரிக்கிறது; சுரங்கப்பாதை அவற்றை இணைக்கிறது. கிழக்குப் பாகத்தில் நீரூற்று, பறவைக் கூண்டுகள், ஆர்க்கிட் முதலிய செடிகளுக்கான கண்ணாடி மனை ஆகியவையும், மேற்குப் பாகத்தில் ஒராங்குட்டான், கிப்பன் உள்ளிட்ட வானர இனங்களும் உள்ளன.

இங்குள்ள தாவரங்களுள் விசேஷமாகக் குறிப்பிடத்தக்கது ஹாங்காங் மந்தாரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் பாதிரிமார் தீவின் கடலோரத்தில் கண்டெடுத்த இக்கலப்பின விருட்சம், விதை பிடிக்கும் சக்தியற்றதாகையால், பதியன், ஒட்டு முதலிய முறைகளாலேயே விருத்தி செய்யப்படுகிறது. அப்பூங்காவின் கண்காணிப்பையும் ஏற்றிருந்த இலாகாவின் அதிகாரியான எஸ். டி. டன் 1908-இல் இதனை வருணித்து, கவர்னர் ஹென்றி பிளேக்கின் பெயரைச் சூட்டினார். 1965-இல் நகரின் சின்னமாக ஏற்கப்பட்ட இம்மலரே இன்று ஹாங்காங் கொடியிலும் விளங்குகிறது.

பூங்காவின் ஒரு வாயிலில், இரு உலக மகாயுத்தங்களிலும் நேசநாடுகளின் பக்கம் நின்று உயிர்நீத்த சீனர்களின் ஞாபகார்த்த வளைவு உள்ளது. பிரவேசக் கட்டணம் இல்லை.