கடவுள் பார்க்கும் ஓட்டு

"வாக்குச்சாவடிக்குள் கடவுள் உன்னைப் பார்க்கிறார், ஸ்டாலின் பார்ப்பதில்லை." 1948 இத்தாலியத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பரவிய வாசகம் இது. முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டேன். ஞாயிறு தவறாம பூசைக்குப் போய் வளர்ந்தவனுக்கு அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிக்கல.

அந்த வருடம் லூயிஜி ஜெத்தா பங்குகள்தோறும் 'குடிமக்கள் குழு'க்களை அமைத்தார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸின் ஆசி அதற்கு இருந்தது. செக்கோஸ்லோவாக்கியா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்கப் பணமும் உள்ளே வந்தது. ஏப்ரல் 18-இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 48.5 சதவீதம், இடதுசாரி முன்னணிக்கு 31.

மறுவருடம் வத்திக்கான் இன்னும் இறுக்கியது: கம்யூனிசக் கொள்கையை ஏற்றுப் பரப்பும் கத்தோலிக்கருக்குத் திருச்சபை விலக்கு. பயம் வேலை செஞ்சுதா? 1976-இல் கம்யூனிஸ்ட் கட்சி 34.4 சதவீதம் வாங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, விவாகரத்துச் சட்டத்தை ரத்து செய்யச் சொல்லித் திருச்சபை கேட்ட பொதுவாக்கெடுப்பில், 59.3 சதவீதம் பேர் சட்டம் இருக்கட்டும் என்றார்கள்.

இவங்க எல்லாம் நாத்திகரா? இல்லவே இல்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம், பெற்றவர்களுக்கு அடக்கப் பூசை எல்லாம் கோயிலில்தான். கடவுள் பார்க்கிறார் என்று நம்பியே பலர் உள்ளே போனார்கள். அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை மட்டும் சாமியாரிடம் கேட்கவில்லை.

தேர்தல் நேரத்தில் ஆயரின் சுற்றறிக்கை வாசிக்கப்படும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான்.