உம்மம்மாவின் திரிபலாப் பேணி



நோன்பு திறந்து வயிறு ஊதினால் இன்று நாங்கள் ஓடுவது பாமசிக்கு. எங்கள் உம்மம்மாமார் கையை நீட்டியது அடுப்படித் தட்டில் இருந்த ஒரு பேணிக்கு. கடுக்காய், தான்றிக்காய், நெல்லி வற்றல் மூன்றையும் விதை நீக்கி, சம அளவில் இடித்து அரித்த தூள் அதில் இருக்கும். படுக்கப் போகுமுன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கலந்து தருவார்கள். காலையில் வயிறு இளகிவிடும்.

“அது தமிழாக்களின் மருந்து, எங்களுடையது யூனானி” என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

திரிபலா என்றால் சமஸ்கிருதத்தில் மூன்று கனிகள். அப்பாஸியர் காலத்தில் சரகர், சுஸ்ருதர் ஆகியோரின் ஆயுர்வேத நூல்கள் அரபு மொழிக்குப் போயின. 850ஆம் ஆண்டளவில் அலி இப்னு ஸஹ்ல் ரப்பான் அத்தபரி எழுதிய ‘பிர்தௌஸுல் ஹிக்மா’வின் கடைசிப் பகுதி இந்திய மருத்துவம் பற்றியது. திரிபலா அங்கே ‘இத்ரீபல்’ ஆனது, கடுக்காய் ‘ஹலீலஜ்’ ஆனது. இப்னு ஸீனாவும் (980–1037) தம் ‘கானூன்’ நூலில் இத்ரீபலைச் சொல்கிறார். இன்றும் யூனானி ஹகீம்மார் அந்தத் தூளை நெய்யிலோ வாதுமை எண்ணெயிலோ பிசறி, தேன் சேர்த்து இதே பெயரில் கொடுக்கிறார்கள். அந்தப் பேணியில் இருந்தது பக்தாத் வரை போய்வந்த மருந்து!

எங்கள் நாட்டிலும் அப்படித்தான். யாழ்ப்பாண அரசர் காலத்து ‘பரராசசேகரம்’ தமிழில் உள்ள வைத்திய நூல். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை எல்லாவற்றையும் ஆயுர்வேதம் என்ற ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே வன்னி அப்படித்தான் வாழ்ந்தது. நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் வாழ்ந்த எங்கள் மூத்தவர்கள் கை முறிந்தாலும், பாம்பு கடித்தாலும், பிள்ளைக்கு மாந்தம் என்றாலும் தமிழ்ப் பரியாரியாரிடம்தான் போனார்கள். கூலி பெரும்பாலும் நெல்லாகவே போகும்.

1990 ஒக்டோபரில் அது அறுந்தது. விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கடுக்காயைப் புத்தளம் கடையிலும் வாங்கலாம். ஆனால் எந்த வயதுக்கு எவ்வளவு, எந்தப் பருவத்தில் நிறுத்த வேண்டும், எந்த வருத்தத்துக்கு ஆகாது என்ற கணக்கு மூத்தவர்களின் தலையில் இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராக மௌத்தானபோது அதுவும் போனது.

2009இல் வன்னித் தமிழ் மக்களும் எல்லாவற்றையும் விட்டு மெனிக் பாம் முகாம்களுக்கு வந்தார்கள். பரம்பரைப் பரியாரி வீடுகளில் எத்தனை ஏடுகளும் கொப்பிகளும் அழிந்தன என்பதை யார் எண்ணினார்கள்? இழப்பில் மட்டும் நாங்கள் இரண்டு சமூகமும் சமமாகிவிட்டோம்.

இப்போது திரும்பி வந்திருக்கிறோம். ஆனால் கணக்கில்லாமல் மருந்தை மட்டும் திருப்பி எடுப்பது ஆபத்து. முகநூலைப் பார்த்துத் திரிபலா குடிக்காதீர்கள். கர்ப்பிணித் தாய்மாரும், சீனி, பிரஷர் குளிசை எடுப்போரும் பதிவுபெற்ற வைத்தியரைக் கேளுங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, விடாத வயிற்றுவலி என்றால் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எங்கள் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். வீட்டிலோ அயலிலோ எழுபது வயது தாண்டியவர் இருந்தால், முஸ்லிமோ தமிழரோ, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மருந்தின் பெயர், அளவு, யாருக்கு ஆகாது, யாரிடம் கற்றார் என்ற நான்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். குடிப்பதற்கு அல்ல, காப்பாற்றி வைப்பதற்கு. பெற்றோரே, நீங்களும் பிள்ளைகளோடு போங்கள். அந்தப் பேணியை இன்றும் கடையில் வாங்கலாம், அதைத் திறந்த கையை வாங்க முடியாது.