கெட்டுப்போன இறைச்சி டின்னும், சாக மறுத்த பாக்டீரியாவும்

1956-ம் ஆண்டு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். டின்னில் அடைத்த இறைச்சியைக் காமா கதிர்களால் கிருமி நீக்கம் செய்ய முடியுமா என்று அங்கே ஆர்தர் ஆண்டர்சன் சோதித்துக் கொண்டிருந்தார். எந்தக் கிருமியும் தப்பாது என்று நம்பப்பட்ட அளவுக்குக் கதிர்வீச்சு கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் ஒரு டின் இறைச்சி கெட்டுப்போனது!

உள்ளே இருந்தது இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பாக்டீரியா. முதலில் மைக்ரோகாக்கஸ் என்ற இனத்தில் சேர்த்தார்கள். 1981-ல் டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்று பெயர் மாறியது.

மனிதனைக் கொல்ல சுமார் 5 கிரே கதிர்வீச்சு போதும். இதுவோ 5000 கிரே வாங்கியும் ஏறக்குறைய சேதாரமில்லாமல் பிழைக்கிறது. எப்படி? டி.என்.ஏ.வுக்கு ஏதோ கவசம் இருக்கிறதா என்றால், இல்லை. அதன் டி.என்.ஏ.வும் மற்ற உயிர்களுடையதைப் போலவே நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறுகிறது. ஆனால் சில மணி நேரத்தில் மறுபடி ஒன்றாகிவிடுகிறது!

ஒரே கணக்குப் புத்தகத்துக்கு நான்கு பிரதிகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். நான்கையும் யாரோ கிழித்துப் போட்டாலும், எல்லாம் ஒரே இடத்தில் கிழியாது. ஒன்றில் அறுந்த வரி இன்னொன்றில் முழுசாக இருக்கும். அதைப் பார்த்து எழுதி ஒட்டிவிடலாம். இந்த பாக்டீரியாவிடமும் மரபணுத் தொகுப்பின் நான்கு முதல் பத்துப் பிரதிகள் உண்டு. துண்டுகள் ஒன்றையொன்று பார்த்து நீள்வதை 2006-ல் மிரோஸ்லாவ் ராட்மன் குழுவினர் விளக்கினார்கள்.

சரி, ஒட்டும் வேலையைச் செய்யும் புரதங்கள் பிழைக்க வேண்டாமா? அதற்கு விடை மாங்கனீசு. இந்த பாக்டீரியாவில் இரும்பை ஒப்பிட்டால் மாங்கனீசு மிக அதிகம் என்று 2004-ல் மைக்கேல் டேலி குழுவினர் காட்டினார்கள். கதிர்வீச்சால் உண்டாகும் ஆக்சிஜன் தாக்குதலிலிருந்து அது புரதங்களைக் காக்கிறது. ஆக, புத்தகம் கிழிந்தாலும் கணக்குப்பிள்ளை பத்திரம்!

இன்னொரு புதிர். பூமியில் இயற்கையாக இவ்வளவு கதிர்வீச்சு எங்குமே கிடையாது. பிறகு எதற்கு இந்தத் திறமை? 1996-ல் வலெரி மாட்டிமோர், ஜான் பட்டிஸ்டா இருவரும் விடை தேடினார்கள். கதிர்வீச்சைத் தாங்க முடியாமல் போன திரிபுகளை எடுத்து உலர வைத்துப் பார்த்தார்கள். அவை வறட்சியையும் தாங்கவில்லை. நீரில்லாமல் காய்ந்தாலும் டி.என்.ஏ. உடையும். வறட்சியோடு போராடிக் கற்ற வித்தைதான் கதிர்வீச்சின்போதும் கைகொடுத்தது.

பிறகு ஜப்பானியர்கள் இதை விண்வெளிக்கே அனுப்பினார்கள். 2015 முதல் 2018 வரை சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில், உலர்ந்த வில்லைகளாக மூன்று வருடம். மேலடுக்கில் இருந்தவை செத்து மூடியாகிவிட, அடியில் இருந்தவை உயிரோடு திரும்பின.

ஆண்டர்சன் அந்த டின்னைக் குப்பையில் வீசியிருந்தால், இந்தக் கதை எத்தனை வருடம் தள்ளிப் போயிருக்குமோ!