வந்திருந்தேனும் 'ஹேட் கம்'மும்

"நேத்து கீழக்குயில்குடிக்குப் போயிருந்தேன்."

மதுரையில் யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லிப் பாருங்கள். "அப்படியா, சமணர் மலை ஏறினியா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. இதையே அப்படியே ஆங்கிலமாக்கி, "யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு கீழக்குயில்குடி" என்று ஒரு லண்டன்காரரிடம் சொன்னால் அவர் பேசாமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கதை இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறார் அவர். போயிருந்தீர்கள், சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது?

நம் ஊர் இன்டர்வியூக்களிலும் பரீட்சை பேப்பர்களிலும் அடிக்கடி சிவப்பு மை வாங்கும் தவறு இது. "இங்கிலீஷ் தெரியாதவன்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. இது ஏனோதானோவென்று வரும் தவறாக இருந்தால் ஆளுக்கு ஒரு மாதிரி வர வேண்டும். கோடிக்கணக்கான பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி சறுக்குகிறார்கள் என்றால், அங்கே ஏதோ ஒரு பழைய பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், ஆங்கிலேயர் இந்த 'ஹேட்'டை அன்றாடப் பேச்சில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? கடந்தகாலத்தில் ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, அதற்கும் முன்னால் நடந்ததைத் திரும்பிப் பார்ப்பதற்கு. ஜெர்மனியில் பிறந்த ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947இல் வெளியிட்ட தர்க்கவியல் நூல் ஒன்றில் இதை மூன்று புள்ளிகளாக வைத்துக் காட்டினார். பேசுகிற நேரம் ஒன்று, சம்பவம் நடந்த நேரம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே நாம் நின்று பார்க்கும் நேரம் ஒன்று. சாதாரண இறந்தகாலத்தில் சம்பவமும் பார்க்கும் இடமும் ஒன்றாக இருக்கும். பாஸ்ட் பெர்ஃபெக்டில் மட்டும் மூன்றும் தனித்தனி. அந்த நடுப்புள்ளி இல்லாமல் 'ஹேட்' போட்டால் கேட்பவருக்குக் கால் வைக்க இடமில்லை.

இன்னொரு விஷயம், பள்ளியில் அதிகம் சொல்லித்தர மாட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இந்த 'ஹேட்'டை முடிந்தவரை விட்டுவிடுவார்கள். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' மாதிரி ஒரு சொல் வந்து எது முதலில், எது பின்னால் என்று தெரிந்துவிட்டால் சாதாரண இறந்தகாலமே போதும் அவர்களுக்கு. சமையலில் பெருங்காயம் மாதிரி வைத்திருக்கிறார்கள். நாமோ சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் போட்டுவிடுகிறோம் :-)

இப்போது நம் பக்கம் வருவோம். தமிழ் இலக்கணத்தில் காலம் மூன்று. தொல்காப்பியமும் மூன்று என்கிறது, நன்னூலும் மூன்று என்கிறது. பன்னிரண்டு கட்டம் போட்ட 'டென்ஸ் டேபிள்' நம்மிடம் இருந்ததில்லை. அதனால் நம் முன்னோருக்கு முன்னது பின்னது சொல்லத் தெரியாமல் போய்விட்டதா? இல்லை. எச்சங்கள் இருக்கின்றன. 'வந்து', 'செய்து' என்று வினையெச்சங்களை அடுக்கினாலே எது முந்தியது என்பது வரிசையில் வந்துவிடும்.

இதற்கு நல்ல சாட்சி கீழக்குயில்குடியிலேயே கல்லில் இருக்கிறது. சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள். கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை. அவற்றில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் 'செய்வித்த திருமேனி' என்கிறது. அவ்வளவுதான். 'செய்வித்தார்' என்று முற்றாகக்கூட முடியவில்லை. 'செய்வித்த' என்ற பெயரெச்சம், அது போய் ஒட்டிக்கொள்ளும் 'திருமேனி' என்ற பெயர். இதை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகச் சொல்லப் போனால்தான் குடைச்சல் ஆரம்பிக்கும். 'மேட்' போடுவதா, 'ஹேட் மேட்' போடுவதா, 'ஹாஸ் மேட்' போடுவதா? கல்வெட்டைச் செதுக்கியவருக்கு அந்தக் கவலையே இருந்திருக்காது. செய்வித்தது முடிந்துபோன காரியம், சிலை கண்ணெதிரே இருக்கிறது. போதாதா?

சரி, அப்படியென்றால் 'போயிருந்தேன்' எங்கிருந்து வந்தது? பிரித்துப் பாருங்கள். போய், இருந்தேன். 'இரு' என்றால் தங்குவது, நிலைப்பது. 'வந்தேன்' என்றால் சம்பவம் மட்டும். 'வந்திருக்கிறேன்' என்றால் வந்து இன்னும் இங்கேதான் இருக்கிறேன். 'வந்திருந்தேன்' என்றால் வந்தேன், கொஞ்ச நேரம் இருந்தேன், இப்போது அங்கே இல்லை. "நேத்து உங்க வீட்டுக்கு வந்திருந்தேன், நீங்க இல்ல" என்று சொல்லும்போது வந்து திரும்பியதும் அதற்குள் அடங்கிவிட்டது. இரண்டாவது சம்பவம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஆங்கில 'ஹேட்'டின் பூர்வீகம் வேறு. அது 'என்னிடம் இருந்தது' என்ற உடைமைச் சொல். எழுதி முடித்த கடிதம் என் கைவசம் இருந்தது என்ற மாதிரி அமைப்பிலிருந்து மெல்ல மெல்லக் காலம் காட்டும் சொல்லாக மாறியது. ஒன்று இருப்பிலிருந்து வந்தது, மற்றது உடைமையிலிருந்து வந்தது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேறு வேறு குடும்பம்.

இரண்டையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது யார்? இங்கேதான் ஐரோப்பியப் பாதிரிமார்கள் வருகிறார்கள்.

லத்தீன் இலக்கணத்தில் 'ப்ளூஸ்குவாம்பெர்ஃபெக்டும்' என்று ஒரு காலம் உண்டு. 'முற்றியதற்கும் மேல்' என்று பொருள். ஐரோப்பாவில் எந்த மொழிக்கு இலக்கணம் எழுதினாலும் இந்த லத்தீன் கட்டங்களைத்தான் முதலில் வரைந்துகொள்வார்கள். ஆங்கிலமே இதற்குத் தப்பவில்லை. 1586இல் வில்லியம் புல்லோகர் எழுதிய முதல் ஆங்கில இலக்கணம், அன்றைய லத்தீன் பாடப்புத்தகத்தைப் பின்பற்றியது. தமிழுக்கும் அதே அச்சுதான். முத்துக்குளித்துறையில் இருந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 1549 வாக்கில் தமிழ் வினைகளை லத்தீன், போர்த்துக்கீசிய முறையில் அடுக்கி ஓர் இலக்கணம் எழுதினார். 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கே வந்து தங்கித் தமிழ் படித்தார். தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர், பேச்சுத் தமிழான கொடுந்தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. (கத்தோலிக்கரின் புத்தகத்தை அச்சடித்தவர்கள் அவரோடு ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த லூத்தரன்கள். அது தனிக் கதை.)

இவர்களைக் குறை சொல்லவில்லை. தெரியாத மொழியைத் தெரிந்த மொழியை வைத்துத்தானே பிடிக்க முடியும்? கட்டம் காலியாக இருந்தால் நிரப்பத் தோன்றும். 'முற்றியதற்கும் மேல்' என்ற கட்டத்துக்குத் தமிழில் மிக அருகில் நின்றது 'இருந்தேன்'. "நான் போனபோது அவர் வந்திருந்தார்" போன்ற இடங்களில் அது கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும். ஆள் அங்கே இருந்தார் அல்லவா? அந்தப் பொருத்தம்தான் ஏமாற்றியது.

பிறகு வண்டி எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தது. 1835இல் மெக்காலேயின் குறிப்பு, ஆங்கிலக் கல்வி, பள்ளிகள். வெள்ளைக்காரர் தமிழ் படிக்கப் போட்ட அதே வகைக் கட்டம், தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திருப்பிப் போடப்பட்டது. 'வந்தேன்' என்றால் 'கேம்', 'வந்திருந்தேன்' என்றால் 'ஹேட் கம்'. இன்றும் முப்பது நாளில் ஆங்கிலம் வகைப் புத்தகங்களில் இதே அட்டவணையைப் பார்க்கலாம். தமிழ் மட்டும் இல்லை. இந்தியிலும் 'மே(ன்) கல் ஆயா தா' என்பது இயல்பான வாக்கியம். அதனால்தான் டெல்லிக்காரரும் நம்மைப் போலவே 'ஐ ஹேட் கம் யெஸ்டர்டே' என்கிறார்.

இந்த அட்டவணை மறைக்கும் இன்னொரு பாதி இருக்கிறது. நம் வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாக வரும் உதாரணம்: டாக்டர் வருவதற்கு முன் நோயாளி இறந்துபோனார். பாவம், அந்த நோயாளியை எத்தனை முறை கொன்றிருப்போம்! ஆங்கிலத்தில் 'ஹேட் டைட்'. ஆனால் தமிழில் யாராவது "டாக்டர் வர்றதுக்குள்ள இறந்திருந்தார்" என்பார்களா? "இறந்துட்டார்" என்றுதான் சொல்வோம். முடிந்தே போனதற்கு நம்மிடம் 'விடு' இருக்கிறது. ஆக, ஆங்கிலம் உண்மையில் 'ஹேட்' கேட்கும் பல இடங்களில் தமிழில் வருவது 'விட்டது', அட்டவணை சொல்லும் 'இருந்தது' இல்லை. நாமோ 'விட்டது' வரும் இடத்தில் 'ஹேட்'டை மறந்துவிட்டு, 'இருந்தேன்' வரும் இடத்திலெல்லாம் அதைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

இதனால் பெரிய நஷ்டமா என்றால், சில சமயம் ஆமாம். வெளிநாட்டு அலுவலகத்துக்கு "ஐ ஹேட் பெய்ட் த ஃபீஸ்" என்று மட்டும் எழுதினால், முன்பு கட்டினார், அப்புறம் ஏதோ மாறிப்போயிருக்கிறது என்று அவர்கள் நினைக்க இடம் உண்டு. 'பெய்ட்' போதும். தேதியைப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

மறுபக்கம் பாருங்கள். "நான் ஸ்டாப்புக்குப் போனப்ப பஸ் போயிடுச்சு." பெரியார் நிலையத்தில் இதைச் சொன்னால் பஸ்ஸைத் தவறவிட்டாய் என்று எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் 'வென் ஐ ரீச்ட், த பஸ் லெஃப்ட்' என்றால் நான் போய்ச் சேர்ந்தேன், உடனே பஸ் கிளம்பியது என்று ஆகிவிடும். எனக்காகவே காத்திருந்த மாதிரி! 'ஹேட் லெஃப்ட்' என்றால்தான் அது என் கண்ணில் படாமலே போய்விட்டது.