ஒரு பென்னி, ஆறு பென்னி, பூட்டு!

"வாசலில் வாங்கும் காசு மனிதரைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா?" இதுதானே தலைப்பு. எதிரணித் தம்பி என்ன சொன்னார்? நட்சத்திர ஓட்டல் டிஸ்கோவுல 'கவர் சார்ஜ்'னு வாங்குறாங்களே, அதுக்குப் பாட்டன் லண்டன் காப்பிக்கடை, அங்கே காசுதான் எல்லாரையும் சேர்த்து வைச்சதுன்னு சொல்லிக் கைதட்டு வாங்கிட்டுப் போயிட்டார்.

நான் மறுக்கல. 1652-ல் பாஸ்க்வா ரோசே என்பவர் லண்டனின் முதல் காப்பிக்கடையைத் திறந்தார். அப்புறம் ஊரெல்லாம் காப்பிக்கடை. ஒரு பென்னியை வை, உள்ளே போ. பவுனுக்கு 240 பென்னி இருந்த காலம். நெருப்புப் பக்கத்துல உட்காரு, பத்திரிகை படி, யாரோடு வேணும்னாலும் வாதாடு! பிரபுவும் கடைக்காரரும் பக்கத்துல பக்கத்துல. 'பென்னிப் பல்கலைக்கழகம்' என்றே பேர். ராஜாவுக்கே பயம் வந்துடுச்சு. 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் எல்லாக் கடையையும் மூடச் சொன்னார். எதிர்ப்பைப் பார்த்து, உத்தரவு அமலுக்கு வருமுன்னே வாபஸ்! (சிரிப்பு)

ஆனா தம்பி, கதையைப் பாதியில நிறுத்திட்டீங்களே!

ஜோனதன் காப்பிக்கடைன்னு ஒண்ணு. பங்குத் தரகர்கள் கூடுற இடம். 1761-ல் 150 தரகர்கள் சங்கம் சேர்ந்து, 'வருஷச் சந்தா நாங்க தர்றோம், மத்தவனை உள்ளே விடாதே'ன்னு கடைக்காரரோடு பேசி முடிச்சாங்க. வெளியே தள்ளப்பட்ட ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனார். ஜெயிச்சார் ஐயா! அது எல்லாருக்கும் பொதுவான சந்தைன்னு தீர்ப்பு.

விட்டார்களா? 1773-ல் தனிக் கட்டடமே கட்டிட்டாங்க. உள்ளே வர நாளுக்கு ஆறு பென்னி. 'கொடுத்தா யாரும் வரலாமே, இதுல என்ன தப்பு?'ன்னு கேட்பீங்க. 1801-ல் அதுவும் போச்சு. உறுப்பினர் மட்டும்தான். அதுதான் இன்றைய லண்டன் பங்குச் சந்தை.

இன்னொன்று. அந்த ஒரு பென்னி காலத்திலேயே, பல கடைகளில் கல்லாவில் இருந்து காசு வாங்கினது பெண். உட்கார்ந்து வாதாடினது ஆண். காசு கையில இருந்தும் அவளுக்கு அந்தப் பெஞ்சில் இடமில்லை. பங்குச் சந்தையில் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது எப்போ தெரியுமா, நடுவர் அவர்களே? 1973-ல். ஆறு பென்னி கட்டடம் கட்டி 200 வருஷம் கழிச்சு! (கைதட்டல்)