கொரிய வரலாற்றுத் திரைப்படங்களில் குடும்பக் கடமை

பெற்றோர்ப் பணிவு, குலத்தொடர்ச்சி, கற்பு, அரச விசுவாசம் ஆகிய மரபு விழுமியங்கள் கொரிய வரலாற்றுக் கதைப்படங்களில் கையாளப்படும் முறையைக் குறிக்கும் கருப்பொருள். இவ்வகைக் கதைகள் கொரிய மொழியில் ‘சாகுக்’ எனப்படும்.

பின்னணி: பெரும்பாலான படங்களின் களம் சோசன் அரசு (1392–1910). புதுக் கன்பூசியம் அதன் ஆட்சிக் கோட்பாடு. பெற்றோர்க்குச் செய்யும் கடமை ‘ஹ்யோ’, அரசனுக்குரிய விசுவாசம் ‘சுங்’. இவ்விரண்டும் மோதும் இடமே பல கதைகளின் முடிச்சு.

வரலாறு: கற்பைக் காக்கும் பெண்ணைப் பற்றிய மரபுக் காதல் கதையான சுன்ஹ்யாங் கதை பலமுறை படமாகியுள்ளது. 1935இல் வந்த வடிவம் கொரியாவின் முதல் பேசும்படம். இம் குவொன்-டேக் 2000இல் இயக்கிய வடிவம், கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குத் தேர்வான முதல் கொரியப் படம். ‘பன்சோரி’ எனும் மரபுக் கதைப்பாட்டு அதன் கதையை நடத்திச் செல்கிறது.

முதன்மைப் படங்கள்: ஆண் வாரிசுக்காக உயர்குடிக் குடும்பம் அமர்த்தும் வாடகைத் தாயின் கதை இம் குவொன்-டேக்கின் ‘சிபாஜி’. இதில் நடித்த காங் சூ-யோன் 1987 வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார். லீ சூன்-இக்கின் ‘சாதோ’ (2015), மன்னர் யோங்சோ 1762இல் தம் மகனை அரிசிப்பெட்டியில் அடைத்த நிகழ்வைக் காட்டுகிறது. இளவரசர் எட்டாம் நாள் இறந்தார். அந்த நாட்களுக்கிடையே தந்தை–மகன் உறவின் கடந்தகாலம் விரிகிறது.

முக்கியத்துவம்: இப்படங்கள் மரபைப் போற்றுவதோடு, அது பெண்கள்மீதும் வாரிசுகள்மீதும் சுமத்திய பாரத்தையும் பதிவுசெய்கின்றன.